உங்களுக்குத் தெரியுமா? ‘ப்ச்’ கூட ஓர் எழுத்துதான்!

2015 ஜூலை 10. ‘பாகுபலி’ வெளியானது. காலகேயர் தலைவன் திரையில் வாயைத் திறந்தான். தியேட்டரில் ஒருத்தருக்கும் ஒரு சொல் புரியவில்லை. ஆனால் அத்தனை பேருக்கும் அடிவயிறு கலங்கியது!

வாய்க்கு வந்த உளறல் என்றா நினைத்தீர்கள்? இல்லவே இல்லை! அந்த மொழிக்குப் பெயர் கிளிக்கி. 750 சொற்கள். 40 இலக்கண விதிகள்!

செய்தவர் யார்? நம்ம பாடலாசிரியர் மதன் கார்க்கி! ஒரு படத்துக்காக ஒரு மொழியையே உட்கார்ந்து கட்டியவர் ஒரு தமிழர்!

விதை விழுந்த இடம் ஆஸ்திரேலியா. அங்கே குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்தபோது, கார்க்கி பகுதி நேரமாகக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். அந்தப் பொடிசுகளோடு விளையாட்டாக ஒரு மொழி செய்தார். பெயர் ‘கிளிக்’. சுமார் 100 சொல்! பொடிசுகளின் விளையாட்டுதான் பிறகு போர்க்களத்தில் முழங்கியது!

கிளிக்கியில் ‘நான்’ என்றால் ‘மின்’. ‘நீ’ என்றால்? தேட வேண்டாம். அதே ஒலிகளைக் கடைசியிலிருந்து சொல்லுங்கள். ‘நிம்’! எதிரே நிற்பவன் எதிர்ச்சொல். ஒரு சொல் படித்தால் ஒரு சொல் இலவசம்!

2020 பிப்ரவரி 21. உலகத் தாய்மொழி நாள். அதே நாளில்தான் கிளிக்கிக்குத் தனி இணையதளம் திறந்தார்கள். படம் வந்து 5 ஆண்டுகூட ஆகவில்லை!

நாக்கைச் சொடுக்கும் ஒலி கிளிக்கியின் தனி அடையாளம். ‘அதெல்லாம் நமக்கு வருமா?’ என்று கேட்கிறீர்களா? உங்களுக்கு ஏற்கெனவே வரும். இன்று காலையில்கூடச் செய்திருப்பீர்கள்!

★ உங்கள் வாயிலேயே இருக்கிறது!

நாக்கு நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் ஒட்டுங்கள். லேசாக உறிஞ்சி விடுங்கள். ‘ப்ச்!’ பஸ்ஸைத் தவறவிட்டால் வருமே, அதேதான். ஆப்பிரிக்காவின் கோசா மொழியில் இந்த ‘ப்ச்’ ஒரு முழு மெய்யெழுத்து!

இப்போது நாக்கின் பக்கவாட்டை இழுத்து விடுங்கள். ‘ட்ளக்!’ மாட்டு வண்டிக்காரர் காளையை ஓட்டும் அதே சத்தம். கோசா என்ற மொழிப் பெயரே இந்தச் சத்தத்தில்தான் தொடங்குகிறது. நெல்சன் மண்டேலாவின் தாய்மொழி அது!

மூன்றாவது, நாக்கை அண்ணத்தில் அழுத்தி ‘டொக்’ என்று விடுவது. குழந்தைக்குக் குதிரை ஓட்டிக் காட்டுவோமே, அது! இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு கோசாக்காரர்கள் போடும் மெய்யெழுத்துகள் எத்தனை? 18! நம் மெய்யெழுத்தும் மொத்தம் 18தான்!

ஆப்பிரிக்காவுக்கு வெளியே சொடுக்கொலியை எழுத்தாகவே வைத்திருந்த ஒரே மொழி டாமின். ஆஸ்திரேலியாவின் மார்னிங்டன் தீவில் லார்தில் மக்கள் சடங்குக்காகப் பேசியது. அதுவும் மனிதர் உட்கார்ந்து செய்த மொழி! சொற்கள் சுமார் 150. அவ்வளவுதான்!

டாமினில் இன்னொரு அதிசயம். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே ‘ல’ சொல்வார்கள். சொல்லிப் பாருங்கள். முதல் தடவை யாருக்கும் வராது!

கிளிக் பிறந்ததும் ஆஸ்திரேலியா. டாமின் பிறந்ததும் ஆஸ்திரேலியா!

சொடுக்கு நம் ஊரிலும் உண்டு. திருப்பூர் பக்கம் அருள்புரத்தில் ஒரு பவர் டேபிள் தையல் கூடம். ஓவர்லாக் மெஷின்கள் வரிசையாக ஓடுகின்றன. பக்கத்து ஆள் கத்தினாலும் காதில் விழாது. டைலர் அக்காவுக்கு லேபிள் தீர்ந்துவிட்டது. கூப்பிடவில்லை. தலையைத் தூக்கவில்லை. ‘ட்ளக், ட்ளக்!’ நாக்கால் இரண்டு சொடுக்கு. நாலு மெஷின் தள்ளி நின்ற பையன் லேபிளோடு வந்து நின்றான். கண்ணால் பார்த்தேன்!

★ வேற்றுக்கிரகமும் நம்ம ‘ட’வும்!

‘ஸ்டார் ட்ரெக்’ படங்களின் கிளிங்கான் மொழியில் நம்ம ‘ட’ இருக்கிறது! ‘வண்டி’ என்னும்போது நாக்கு மேலே மடியுமே, அதே ‘ட’. வேற்றுக்கிரக வீரனுக்கு ஹாலிவுட் தேர்ந்தெடுத்த ஒலி நம் வீட்டு வண்டியில் ஓடுகிறது!

கிளிங்கானில் மெய் 21. உயிர் 5. ஆனால் ‘க்’ என்ற சாதாரண ஒலி கிடையாது! ‘கிளிங்கான்’ என்ற பெயரையே கிளிங்கானில் அப்படியே சொல்ல முடியாது!

அதன் முதல் வசனங்களை 1979 படத்துக்காக ஒலித்துக் காட்டியவர் மொழி அறிஞர் இல்லை. படத்தில் நடித்த ஜேம்ஸ் டூஹன் என்ற நடிகர்!

1984இல் முழு மொழியாக்கியவர் மார்க் ஓக்ராண்ட். 1985இல் அகராதி வந்தது. விற்ற பிரதிகள் 2.5 லட்சத்துக்கும் மேல்! பேசுவதற்கு ஒரு நாடுகூட இல்லாத மொழிக்கு!

2010இல் நெதர்லாந்தின் ஹேக் நகரத்தில் கிளிங்கான் மொழியில் முழு ஓபரா மேடையேறியது. பெயர் ‘உ’! ஓர் அசை. ஒரு நாடகம்!

அமெரிக்காவில் ஒரு மொழியியலாளர் தன் மகன் பிறந்ததும் அவனிடம் கிளிங்கானில் மட்டுமே பேசினார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. 3 ஆண்டு!

‘அவதார்’ படத்தில் பண்டோரா உலகத்தார் பேசும் நாவி மொழியில் ‘நீ’ என்ற சொல் எது தெரியுமா? ‘ங’! கொங்கு நாட்டில் ‘வாங்க, சொல்லுங்க, ஏனுங்க’ என்று மூச்சுக்கு மூச்சு ‘ங்’ போடுகிறோம். நமக்கு அது மரியாதை. பண்டோராக்காரனுக்கு அது ஆளேதான்!

இன்னொன்று. நம் அன்றாடப் பேச்சில் ‘ங’ ஒரு சொல்லைத் தொடங்குவது அபூர்வம். நாவியில் ஜம்மென்று தொடங்கும்!

நாவியைச் செய்தவர் பால் ஃப்ரோமர். மெய் 20, உயிர் 7. உயிரெழுத்து வேலையை ‘ல்’லும் ‘ர்’ரும்கூட நீட்டி முழக்கிச் செய்யும்!

நாவியில் மூச்சடைத்து வெடிக்கும் ஒலி 3 உண்டு. மூச்சை அடைத்துக்கொண்டு ‘க்’ என்று மட்டும் வெடியுங்கள். நுரையீரல் காற்று வராது, சத்தம் மட்டும் தெறிக்கும். வந்துவிட்டதா? நீங்கள் பாதி நாவி!

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் தோத்ராக்கி மொழியில் உயிரொலி 4 மட்டுமே. அ, இ, எ, ஒ. ‘உ’ கிடையவே கிடையாது! பஸ்ஸு, லைட்டு, பீஸு, ஓவர்லாக்கு என்று எதைத் தொட்டாலும் ‘உ’ போடும் நாம் அங்கே போனால் வாய் கட்டிப் போய்விடும்!

★ உலகம் முழுக்கப் பேச ஆசைப்பட்டவர்கள்!

செயற்கை மொழி சினிமாக்காரர் கண்டுபிடிப்பு இல்லை. ஜெர்மனியில் ஹில்டெகார்ட் என்ற கன்னியாஸ்திரி தனி மொழியே செய்தார். 23 எழுத்து. சுமார் 1,000 சொல். எப்போது? 12ஆம் நூற்றாண்டில்!

1887. வார்சாவில் ஒரு கண் டாக்டர் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். புனைபெயர் ‘டாக்டர் எஸ்பெராண்டோ’. நம்பிக்கையோடு இருப்பவர் என்று அர்த்தம். அந்தப் புனைபெயரே மொழியின் பெயராகிவிட்டது! இயற்பெயர் சாமென்ஹோஃப்.

எஸ்பெராண்டோவில் 28 எழுத்து. ஒரு எழுத்துக்கு ஒரே ஒலி. எந்தச் சொல்லிலும் அழுத்தம் கடைசிக்கு முந்தின அசையில். விதிவிலக்கு எத்தனை? பூஜ்ஜியம்!

அதற்கும் மூத்தது வோலபூக். செய்தவர் ஷ்லையர் என்ற ஜெர்மன் பாதிரியார். சீனர்களுக்கு வராது என்று நினைத்து ‘ர’ ஒலியைப் பெரும்பாலும் தவிர்த்தார். அடுத்தவர் நாக்குக்காக ஒரு ஒலியையே விட்டுக்கொடுத்த மனிதர்!

பிரான்சின் சுத்ரே செய்தது சோல்ரெசோல். மொத்தமே 7 ஒலி. எல்லாம் சங்கீத ஸ்வரங்கள்! பேசலாம். பாடலாம். வயலினில் வாசிக்கலாம். ஏழு நிறங்களால் எழுதவும் செய்யலாம்!

சோல்ரெசோலில் ‘கடவுள்’ என்பது நம் கணக்கில் ‘ச க ப’. திருப்பி ‘ப க ச’ என்று பாடினால்? சாத்தான்! மின், நிம் நினைவு வருகிறதா? கிளிக்கியின் அதே தந்திரம், 19ஆம் நூற்றாண்டிலேயே!

லோஜ்பான் மொழியில் ஆட்பெயர் எதுவும் மெய்யெழுத்தில்தான் முடிய வேண்டும். முருகன் தப்பித்தார். குமார் தப்பித்தார். ராதாவும் சீதாவும் கடைசியில் ஒரு ‘ஸ்’ வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக முடியும்!

2001இல் கனடாவின் சோனியா லாங் வெளியிட்டது தோக்கி போனா. மெய் 9. உயிர் 5. மொத்தம் 14 ஒலி! சொற்கள் சுமார் 120! ஒரு பாக்கெட் நோட்டில் ஒரு மொழி முழுக்க அடங்கும்!

இதைக் கேளுங்கள். தோக்கி போனாவில் ‘க்’ என்றாலும் ஒன்றுதான், அழுத்தாமல் மென்மையாகச் சொன்னாலும் ஒன்றுதான். இரண்டுக்கும் ஒரே எழுத்து. ‘பாக்கு’, ‘பங்கு’ இரண்டையும் ஒரே ‘க’வில் எழுதும் நமக்கு இது ஆச்சரியமா? நாம் இதை 2,000 ஆண்டாகச் செய்கிறோம்!

வீட்டுக் குழந்தைகள் பார்க்கும் மினியன்களின் பேச்சு? அதில் ‘தெரிமா காசி’ என்று ஒன்று வரும். இந்தோனேசிய மொழியில் ‘நன்றி’! குரல் கொடுத்த இயக்குநர் பியர் கோஃபாங்கின் அம்மா இந்தோனேசிய எழுத்தாளர். அம்மா மொழி எப்படியும் வெளியே வந்துவிடும்!

★ தொல்காப்பியர் கம்பெனி வாசலில்!

தமிழில் முதலெழுத்து 30 மட்டுமே. அதிலிருந்து விரியும் நெடுங்கணக்கு 247!

நன்னூல் சார்பெழுத்துகளை விரித்து எண்ணிச் சொல்லும் கணக்கு என்ன தெரியுமா? 369! ஒலியை இப்படிச் சல்லடை போட்டுச் சலித்திருக்கிறார்கள்!

அந்த நன்னூலைச் செய்த பவணந்தி முனிவரைப் பெருந்துறை பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று கொங்கு மக்கள் கொண்டாடுகிறார்கள். திருப்பூரிலிருந்து பைக்கில் ஒரு எட்டு!

ஒலியின் நீளத்தை அளக்க என்ன கருவி வைத்திருந்தார்கள்? கண் இமையும் கைநொடியும்! இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை. கிளிக்கியில் நாக்குச் சொடுக்கு. தமிழில் விரல் சொடுக்கு!

குறிலுக்கு 1. நெடிலுக்கு 2. மெய்க்கு அரை. மகரக் குறுக்கத்துக்கு? கால் மாத்திரை! ஒரு சொடுக்கை நாலாகப் பிளந்திருக்கிறார்கள்!

சொல்லின் முதலில் வர 9 மெய்க்கு மட்டுமே தொல்காப்பியர் அனுமதி கொடுத்தார். க, த, ந, ப, ம, ச, வ, ஞ, ய. முடிந்தது பட்டியல்!

‘ட’வுக்கு அனுமதி இல்லை. ‘ர’வுக்கு இல்லை. ‘ல’வுக்கும் இல்லை. இப்போது பனியன் கம்பெனிக்குள் வாருங்கள். டைலர், டையிங், டேமேஜ். ரிப், ரோல். லேபிள், லைக்ரா. அத்தனையும் பூட்டிய கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தவை!

ஆனால் ‘பனியன்’? ‘ப’வில் தொடங்கி ‘ன்’னில் முடிகிறது. இரண்டுமே தொல்காப்பியர் அனுமதித்தவை. வெளியூர்ச் சொல்தான், இலக்கணம் சுத்தமாகப் படித்துவிட்டு வந்திருக்கிறது!

★ நாமும் மொழி செய்கிறோம்!

‘கவா கபோகலாம்!’ புரிகிறதா? ‘வா போலாம்’. ஒவ்வொரு அசைக்கும் முன்னால் ஒரு ‘க’. அதுதான் க பாஷை! தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பெரியவர்களுக்குத் தெரியாமல் பேசச் செய்துகொண்டது. அகராதி தேவையில்லை. விதி ஒன்றே ஒன்று!

ஊருக்கு ஊர் அதில் ஒரு மாற்றம் உண்டு. உங்கள் ஊரில் எப்படிப் பேசினீர்கள் என்று வீட்டில் இன்று கேட்டுப் பாருங்கள். அப்பாவுக்கு ஒரு விதம், அம்மாவுக்கு ஒரு விதம் வரும்!

பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார். யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பார். கள்ளுக்கு ‘சொல்விளம்பி’ என்று பெயர். குடித்தால் உள்ளதெல்லாம் வெளியே வருமே! இந்தத் தொழில் ரகசியப் பேச்சுக்குத் தமிழ் இலக்கணம் பெயரே வைத்திருக்கிறது. குழூஉக்குறி!

பவர் டேபிளிலும் குழூஉக்குறி உண்டு. ‘சிங்கர் காலி, பேட்லாக் நிக்குது, கைமடிக்கு ஆள் வேணும்.’ வெளியூர் விருந்தாளிக்கு இது கிளிக்கி. அருள்புரம் பிள்ளைகளுக்குத் தாலாட்டு!

ஒலியே இல்லாத மொழி வேண்டுமா? திருப்பூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. கண்ணபுரம் மாட்டுச் சந்தை! துண்டுக்கு அடியில் இரண்டு கை. விரலைப் பிடித்தால் தொகை. விட்டால் பேரம். ஒரு காங்கேயம் காளையின் விலை முடியும்வரை வாயிலிருந்து ஒரு சத்தம் வராது!

★ பல்லடம் ரோட்டில் ஒரு சோதனை!

திருப்பூர் – பல்லடம் சாலையில் அருள்புரம். ஷிப்ட் முடிந்து டீக்கடையில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். தமிழ், ஒடியா, ஹிந்தி, வங்காளி எல்லாம் காதில் விழும். ஒரு கிளாஸ் டீ விலைக்கு இத்தனை ஒலி வேறெங்கே கிடைக்கும்!

ஒடிசாவிலிருந்து வந்த ஒரு தம்பியிடம் ‘வெள்ளகோவில்’ சொல்லச் சொன்னேன். முதல் தடவையே ‘ள்ள’ சுத்தம்! பக்கத்தில் நின்ற ஹிந்தி பேசும் நண்பர் ‘வெல்லகோவில்’ என்றார். மூன்று தடவை முயன்றார். மூன்று தடவையும் வெல்லம்தான்!

ரகசியம் இதுதான். ஒடியாவில் ‘ள’ தனி எழுத்தாகவே இருக்கிறது. ஹிந்தியின் பொதுப் பேச்சில் இல்லை. சுமார் 1,500 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒடிசாவும் நாமும் ‘ள’வில் பக்கத்து வீடு!

‘உ’ போட்டுச் சொல்லை முடிக்க நமக்குப் பிடிக்கும். ஒடியாக்காரருக்கு ‘அ’ போட்டு முடிக்கப் பிடிக்கும். ‘க்’, ‘ட்’ போன்ற வல்லின மெய்யில் சொல்லைத் தொங்கவிட இரண்டு பேருக்கும் மனம் வராது!

வங்காளி நண்பருக்கு ‘வ’ அவ்வளவு எளிதில் வராது. ‘ப’ பக்கம் சாயும். நம்மை அவர் ஊரில் விட்டால்? ‘க’வுக்கு அவர்களிடம் 4 வகை. நமக்கு நாலும் குழம்பித்தான் வரும். கணக்கு சரி!

பாப்புவா நியூகினியின் ரோட்டோகாஸ் மொழிக்கு 12 எழுத்து போதும். ஆப்பிரிக்காவின் தா மொழிக்கு 100-க்கும் மேற்பட்ட ஒலி வேண்டும். இரண்டையும் பேசுவது ஒரே அளவு நாக்கு, ஒரே எண்ணிக்கைப் பல்!

கிளிக்கி, கிளிங்கான், நாவி. எத்தனை மொழி செய்தாலும் மனித வாயில் இல்லாத ஒலியை நடிகர் வாயில் யாராலும் வைக்க முடியவில்லை. வேற்றுக்கிரகத்துக்கு வேண்டிய ‘ட’வும், ‘ங’வும், ‘ட்ளக்’கும் இந்தத் தெருவிலேயே இருக்கின்றன!

அதனால் இன்று ஒரு வேலை செய்யுங்கள். டீக்கடையில் பக்கத்தில் நிற்கும் வெளியூர்த் தம்பியிடம் அவர் ஊர்ச் சொல் ஒன்று கேளுங்கள். வராத ஒலியை வரும்வரை சொல்லிப் பாருங்கள். பதிலுக்கு நம்ம ‘ழ’வைக் கற்றுக்கொடுங்கள். நாக்கை வளையுங்கள், எங்கும் தொடாதீர்கள், குரலை விடுங்கள்.

செலவு? அரை மாத்திரை!